எப்சம் டெர்பியின் வரலாற்றை வாசிக்கும் முறை

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள எப்சம் டவுன்ஸ் என்ற மேட்டுநிலத்தில், 1780-ஆம் ஆண்டு மே 4 அன்று, மூன்று வயதுடைய ஒன்பது குதிரைகள் ஒரு மைல் தூரம் ஓடின. சர் சார்லஸ் பன்பரிக்குச் சொந்தமான டயோமெட் முதலில் வந்தது. அதை ஓட்டியவர் சாம் ஆர்னல். அன்றிலிருந்து இன்றுவரை ஓர் ஆண்டுகூட விடுபடாமல் நடந்துவரும் இந்தப் பந்தயம்தான் டெர்பி. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி, மும்பையின் இந்தியன் டெர்பி என உலகில் டெர்பி என்ற பெயரைத் தாங்கிய அத்தனை குதிரைப் பந்தயங்களுக்கும் இதுவே மூலம்.

இதன் வரலாற்றை அறிய விரும்புபவரின் கைக்கு முதலில் வந்து சேர்வது வெற்றியாளர் பட்டியல். ஆண்டு, குதிரை, ஜாக்கி, பயிற்சியாளர், உரிமையாளர், நேரம் என்று ஓர் ஆண்டுக்கு ஒரு வரி இருக்கும். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனால், இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பந்தயம் திரும்பத் திரும்ப ஓடப்பட்டதாகத் தோன்றும். ஆனால் தூரம் மாறியிருக்கிறது. ஓடிய இடம் மாறியிருக்கிறது. எந்தக் குதிரை ஓடலாம் என்ற விதி மாறியிருக்கிறது. யார் வென்றார் என்று தீர்மானிக்கும் முறையும் மாறியிருக்கிறது. ஆகவே பட்டியலைப் படிக்கத் தொடங்கும்போதே, எங்கே ஓடினார்கள், எவ்வளவு தூரம், யாருக்கு ஓடத் தகுதி இருந்தது, முடிவை யார் எப்படிச் சொன்னார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் இடம் விட்டுக்கொள்ளுங்கள். அந்த இடங்களை நிரப்பும் வேலையில்தான் டெர்பியின் வரலாறு கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1780-க்கு முன்னால் தொடங்குங்கள்

டயோமெட்டின் வெற்றியிலிருந்து தொடங்கினால், இப்படி ஒரு பந்தயம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்காமலே போய்விடும். 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தின் மதிப்புமிக்க பந்தயங்கள் முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தவை. ஐந்து, ஆறு வயது முதிர்ந்த குதிரைகள், கனத்த எடையைச் சுமந்து, நான்கு மைல் தூரத்தை ஒரே நாளில் பல சுற்றுகளாக ஓட வேண்டியிருந்தது. தாக்குப்பிடிக்கும் ஆற்றலைச் சோதிப்பதே அவற்றின் நோக்கம். நூற்றாண்டின் பிற்பாதியில் குதிரை வளர்ப்பவர்களின் பார்வை திரும்பியது. இளம் குதிரையைக் குறைந்த தூரத்தில் ஒரே ஓட்டத்தில் சோதித்தால் அதன் வேகம் விரைவில் தெரியும். போட்ட பணமும் விரைவில் திரும்பும். வென்ற குதிரையைச் சில ஆண்டுகள் முன்னதாகவே இனப்பெருக்கத்துக்கு அனுப்பலாம்.

இந்தத் திருப்பத்தின் விளைவாக, மூன்று வயதுக் குதிரைகளுக்கென்றே ஐந்து பந்தயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் 1776-இலும், எப்சமில் பெட்டைக் குதிரைகளுக்கு மட்டுமான ஓக்ஸ் 1779-இலும், டெர்பி 1780-இலும், நியூமார்க்கெட்டில் 2000 கின்னீஸ் 1809-இலும், 1000 கின்னீஸ் 1814-இலும் தொடங்கின. இந்த ஐந்தையும் சேர்த்துக் கிளாசிக் பந்தயங்கள் என்கிறார்கள். டெர்பியைத் தனியாகப் படிக்காமல் இந்த ஐவரில் ஒருவராக வைத்துப் படியுங்கள். குறிப்பாக, 2000 கின்னீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரைக்கு மும்முடி வென்றது என்ற பெருமை உண்டு. 1853-இல் வெஸ்ட் ஆஸ்திரேலியன் அதை முதலில் அடைந்தது. 1970-இல் நிஜின்ஸ்கிக்குப் பிறகு எந்தக் குதிரையும் அடையவில்லை.

பெயர் வந்த கதையையும் இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். 12-ஆவது டெர்பி பிரபுவுக்கு எப்சமுக்கு அருகில் இருந்த மாளிகையின் பெயர் ஓக்ஸ். 1779-இல் அந்தப் பெயரிலேயே நடந்த முதல் பந்தயத்தை அவருடைய பிரிட்ஜெட் வென்றது. அடுத்த ஆண்டுக்கான புதிய பந்தயத்துக்குத் தம் பெயரா, நண்பர் பன்பரியின் பெயரா என்று நாணயம் சுண்டிப் பார்த்ததாகவும், அதில் டெர்பி பிரபு வென்றதாகவும் ஏறக்குறைய எல்லா நூல்களிலும் வரும். வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இதைச் செவிவழிக் கதையாகவே கொள்கிறார்கள். நீங்களும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பெயரைப் பெற்ற பிரபுவுக்கு வெற்றி உடனே வாய்க்கவில்லை. 1787-இல் சர் பீட்டர் டீசில் வழியாகத்தான் அவர் தம் பெயர் தாங்கிய பந்தயத்தை வென்றார்.

தூரமும் தரையும்

முதல் நான்கு ஆண்டுகள் டெர்பி ஒரு மைல் பந்தயம். 1784-இல் அது ஒன்றரை மைலாக நீட்டப்பட்டது. இன்று உலகறிந்த டாட்டன்ஹாம் கார்னர் என்ற வளைவும் அப்போதுதான் ஓட்டப் பாதையில் சேர்ந்தது. ஆகவே டயோமெட் உள்ளிட்ட முதல் நான்கு வெற்றியாளர்களை, பின்னால் வந்த யாரோடும் நேரடியாக ஒப்பிட வேண்டாம். அதன் பிறகும் தொடக்கப் புள்ளி பலமுறை இடம் மாறி, 1872 முதல்தான் இன்றைய பாதை நிலைபெற்றது. உங்கள் குறிப்பேட்டில் 1784, 1872 இரண்டுக்கும் எதிரே ஒரு கோடு கிழித்துவிடுங்கள். இந்தக் கோடுகளைத் தாண்டி நேரங்களை ஒப்பிடுபவர் எவ்வளவு தேர்ந்த எழுத்தாளராக இருந்தாலும் அவர் சொல்வதை ஏற்காதீர்கள்.

எப்சம் தரையின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் இந்தப் பந்தயத்தின் எந்த விவரணையும் புரியாது என்பதால், அதற்குச் சற்று நேரம் செலவிடுங்கள். குதிரைகள் புறப்பட்டதும் முதல் அரை மைல் ஏறக்குறைய முழுவதும் ஏற்றம். சுமார் 40 மீட்டர் உயரம் ஏறுகிறார்கள். உச்சியை அடைந்தபின் பாதை இடப்புறம் வளைந்துகொண்டே கீழிறங்குகிறது. அந்த இறக்கத்தின் அடியில், முழு வேகத்தில் போகும்போது, டாட்டன்ஹாம் கார்னர் வருகிறது. வளைவைத் தாண்டினால் நான்கு ஃபர்லாங்குக்கு, அதாவது அரை மைலுக்கு, சற்றுக் குறைவான நேர்ப்பாதை. அதுவும் சமமாக இல்லை. பார்வையாளர் மாடத்தின் பக்கம் உயர்ந்தும் உள்வேலியின் பக்கம் தாழ்ந்தும் சாய்ந்திருப்பதால், களைத்த குதிரை தன்னையறியாமல் இடப்புறம் வேலியை நோக்கிச் சரியும். கடைசிச் சில கெஜத்தில் மீண்டும் ஒரு சிறு ஏற்றம். ஏற, இறங்க, வளைய, சாய்வில் நேராக ஓட என்று ஒரே குதிரையிடம் இத்தனையையும் கேட்கும் தரை இது. சமதளத்தில் தோல்வி காணாத குதிரைகள் இங்கே தடுமாறியிருக்கின்றன. ஒரு பெரிய குதிரை டெர்பியில் தோற்றது என்று படிக்கும்போது, அது எந்த இடத்தில் பின்தங்கியது என்று தேடுங்கள். பெரும்பாலும் இறக்கத்திலோ வளைவிலோ காரணம் கிடைக்கும்.

இரண்டு உலகப் போர்களின்போதும் டெர்பி எப்சமில் நடக்கவில்லை. 1915 முதல் 1918 வரையிலும், 1940 முதல் 1945 வரையிலும் அது நியூமார்க்கெட்டுக்கு மாற்றப்பட்டது. ஆக, பட்டியலில் உள்ள பத்துப் பெயர்கள் டாட்டன்ஹாம் கார்னரையே பார்க்காமல் டெர்பி வென்றவை. இதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது. 1915-இல் பாமெர்ன், 1917-இல் கே க்ரூசேடர், 1918-இல் கெய்ன்ஸ்பரோ என முதல் உலகப்போர் ஆண்டுகளில் மும்முடி வென்ற மூன்று குதிரைகளும் தங்கள் டெர்பியை நியூமார்க்கெட்டில்தான் வென்றன. டெர்பி வென்ற பெட்டைக் குதிரைகள் இதுவரை ஆறே ஆறு: 1801-இல் எலினார், 1857-இல் ப்ளிங்க் பானி, 1882-இல் ஷாட்ஓவர், 1908-இல் சிக்னோரினெட்டா, 1912-இல் டகாலி, 1916-இல் ஃபிஃபினெல்லா. கடைசியாக டெர்பி வென்ற பெட்டை எது என்று கேட்டால் ஃபிஃபினெல்லா என்பது சரியான விடை. எப்சம் தரையில் கடைசியாக வென்ற பெட்டை எது என்று கேட்டால் விடை டகாலி. இடத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் வைத்திருப்பவருக்குத்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும்.

நேரத்தை நம்புவதற்கு முன்

இன்றைய சாதனை நேரம் 2010-இல் வொர்க்ஃபோர்ஸ் ஓடிய 2 நிமிடம் 31.33 விநாடி. சுமார் 2,420 மீட்டரை அந்த நேரத்தில் கடப்பது என்றால், ஏற்ற இறக்கங்களோடு சேர்த்து, மணிக்கு ஏறக்குறைய 58 கிலோமீட்டர் வேகம். அதற்கு முந்தைய சாதனை 1995-இல் லாம்டாரா நிகழ்த்தியது. அதற்கும் முன்னால், 1936-இல் மஹ்மூதுக்குக் குறிக்கப்பட்ட 2 நிமிடம் 33.8 விநாடி ஏறக்குறைய அறுபது ஆண்டுக்காலம் அசையாமல் நின்றது. ஆனால் மஹ்மூதின் நேரம் கையில் பிடித்த கடிகாரத்தால் அளக்கப்பட்டது. பிற்காலத்தவை மின்கருவிகளால் அளக்கப்பட்டவை. கைக் கடிகார நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடிவரை காட்டும் நேரத்தோடு பக்கத்தில் வைக்கும்போது, அந்த வேறுபாட்டை எழுதியே வைக்க வேண்டும்.

நேரத்தைவிடத் தரையின் ஈரமும் பந்தயத்தின் போக்கும் முக்கியம் என்பதற்கு 1981-ஐப் போலத் தெளிவான சான்று இல்லை. அந்த ஆண்டு ஷெர்கார் பத்துக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. டெர்பி வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய இடைவெளி. ஆனால் அதன் நேரம் 2 நிமிடம் 44 விநாடி. வொர்க்ஃபோர்ஸைவிடப் பன்னிரண்டு விநாடிக்கும் மேல் மெதுவானது. தரை நெகிழ்ந்திருந்தது, போதாக்குறைக்கு, பத்தொன்பது வயதே ஆன ஜாக்கி வால்டர் ஸ்வின்பர்ன், தமக்குப் பின்னால் யாரும் நெருங்கவில்லை என்று தெரிந்து, கடைசிக் கட்டத்தில் குதிரையை விரட்டாமல் ஓடவிட்டார். நேரத்தை மட்டும் பார்ப்பவர் ஷெர்காரைச் சாதாரணக் குதிரை என்று முடிவுகட்டிவிடுவார். ஆகவே நேரத்துக்குப் பக்கத்தில் இடைவெளியையும், இடைவெளிக்குப் பக்கத்தில் தரையின் நிலையையும் எழுதுங்கள். ஒரு குதிரை நீளம் என்பது ஏறக்குறைய 2.4 மீட்டர், டெர்பி வேகத்தில் அதைக் கடக்க விநாடியில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. கழுத்து அளவு, தலை அளவு, குறுந்தலை அளவு என்று படிக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்தால், முடிவைச் சொல்ல நின்ற மனிதக் கண்ணுக்கு எவ்வளவு சிறிய அவகாசம் இருந்தது என்பது புரியும்.

யாருக்கு ஓடத் தகுதி: 1844-ஐ ஒரு பாடமாகப் படியுங்கள்

டெர்பிக்கு வயது வரம்பு மூன்று. ஆண் குதிரைகளும் பெட்டைகளும் ஓடலாம். காயடிக்கப்பட்ட குதிரைகளுக்கு இன்று இடமில்லை, ஏனெனில் அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகவோ தாயாகவோ ஆகக்கூடிய குதிரையைத் தேர்ந்தெடுப்பதே இதன் நோக்கம். முதல் டெர்பியில் ஆண் குதிரைகள் 8 ஸ்டோன், அதாவது சுமார் 51 கிலோ சுமந்தன. பெட்டைகளுக்கு 3 பவுண்டு குறைவு. இன்று ஆண் குதிரைகள் சுமப்பது 9 ஸ்டோனுக்குச் சற்று அதிகம். பெட்டைகளுக்கான சலுகை இப்போதும் 3 பவுண்டுதான்.

வயது எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதையும் கவனியுங்கள். ஒரு பந்தயக் குதிரை எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும், ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளில் அதற்கு ஒரு வயது கூடியதாகக் கொள்வதே வழக்கம். இங்கிலாந்தில் அந்த நாள் முன்பு மே 1 ஆக இருந்து, 19-ஆம் நூற்றாண்டில் ஜனவரி 1 ஆக மாறியது. மூன்று வயதில் ஒரு குதிரை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனிடையே நான்கு வயதுக் குதிரை ஒன்று நுழைந்தால் அது பள்ளிச் சிறுவர்களின் ஓட்டத்தில் வளர்ந்த இளைஞன் ஓடுவதற்குச் சமம். 1844-இல் நடந்தது இதுதான்.

அந்த ஆண்டு முதலில் வந்தது ரன்னிங் ரெயின். அதன்மீது சந்தேகம் புதிதாக எழுந்ததல்ல. 1843-இலேயே, இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயம் ஒன்றை நியூமார்க்கெட்டில் அது வென்றபோது, வயதைக் குறித்து எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை. டெர்பியில் அது வென்றதும், இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவின் உரிமையாளரும், பிரதமர் ராபர்ட் பீலின் சகோதரருமான கர்னல் ஜானத்தன் பீல் எதிர்ப்பை எழுப்பினார். பந்தய உலகின் ஊழல்களை ஒழிக்க முனைந்து நின்ற ஜார்ஜ் பென்டிங்க் பிரபு, அந்தக் குதிரை குட்டியாக இருந்த நாளிலிருந்து எந்தெந்தத் தொழுவத்தில் யார் கையில் இருந்தது என்று ஒவ்வொரு கண்ணியாகத் தேடிச் சான்று சேர்த்தார். ரன்னிங் ரெயின் என்று ஓடியது உண்மையில் 1840-இல் பிறந்த மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை என்பது அவருடைய முடிவு.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதி கேட்டது மிக எளிய ஒன்று: குதிரையைக் கொண்டுவாருங்கள், பற்களைப் பார்க்க வேண்டும். குதிரையின் மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் முன்னால் ஆறாறு வெட்டுப்பற்கள் உண்டு. நடுவில் உள்ள ஜோடி ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து நிலைத்த பல் முளைக்கும்; அதற்கு அடுத்த ஜோடி மூன்றரையில்; ஓரத்து ஜோடி நான்கரையில். ஆகவே டெர்பிக் காலத்தில் உண்மையான மூன்று வயதுக் குதிரையின் ஒரு தாடையில் இரண்டு பெரிய பற்கள்தான் இருக்க வேண்டும். நான்கு இருந்தால் அதற்கு நான்கு வயது. வாயைத் திறந்து பார்த்தாலே முடிந்துவிடும் இந்தச் சோதனைக்குக் குதிரை கொண்டுவரப்படவே இல்லை. அது மறைக்கப்பட்டுவிட்டது. வழக்கு கைவிடப்பட்டு, ஆர்லாண்டோ வெற்றியாளராக அறிவிக்கப்பட்டது. அதே பந்தயத்தில் கால் முறிந்து கொல்லப்பட்ட லியாண்டர் என்ற குதிரையும் மூன்று வயதைக் கடந்தது என்று அதன் பற்களைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரே டெர்பியில் இரண்டு போலிகள்.

பட்டியலில் 1844-க்கு எதிரே ஆர்லாண்டோ என்ற ஒரே பெயர்தான் இருக்கும். முதலில் கோட்டைத் தாண்டிய குதிரையின் பெயர் பல பட்டியல்களில் இருக்காது. இதைப் போன்ற ஆண்டுகளுக்கு, 'முதலில் வந்தது', 'வென்றதாக அறிவிக்கப்பட்டது' என்று இரண்டு தனிக் குறிப்புகள் எழுதுங்கள்.

முடிவைச் சொன்னது யார்

குதிரைகள் கோட்டைக் கடக்கும் கணத்தைப் புகைப்படமாக எடுத்துப் பார்க்கும் ஃபோட்டோ ஃபினிஷ் வழியாக டெர்பியின் முடிவு முதலில் தீர்மானிக்கப்பட்டது 1949-இல், நிம்பஸ் வென்றபோது. அதற்கு முந்தைய எல்லா முடிவுகளும் கோட்டின் எதிரே நின்ற ஒரு நீதிபதியின் கண் சொன்னவை. இருவரைப் பிரிக்க முடியாதபோது அவர் சமநிலை என்றார். 1828-இல் காட்லண்டும் தி கர்னலும் சமமாக வந்தபோது, இரண்டும் அன்றே மறுபடி ஓடி, காட்லண்ட் வென்றது. 1884-இல் செயின்ட் கேட்டியனும் ஹார்வெஸ்டரும் சமமாக வந்தபோது, மறுஓட்டம் இல்லாமல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே வகை முடிவுக்கு இரண்டு காலங்களில் இரண்டு தீர்வுகள்.

1913-ஐத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும். ஜூன் 4 அன்று, ஓட்டம் டாட்டன்ஹாம் கார்னரை எட்டியபோது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் வேலிக்கு அடியில் நுழைந்து பாதைக்குள் வந்தார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரையான ஆன்மர் அவர்மீது மோதியது. அதை ஓட்டிய ஹெர்பர்ட் ஜோன்ஸ் காயத்துடன் பிழைத்தார். எமிலி டேவிசன் நினைவு திரும்பாமலே ஜூன் 8 அன்று இறந்தார். அவர் உயிரைக் கொடுக்கவே வந்தாரா, குதிரையின் கடிவாளத்தில் எதையேனும் மாட்ட வந்தாரா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. அந்தக் கணம் அசையும் படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. ஊருக்குத் திரும்புவதற்கான ரயில் பயணச்சீட்டு அவரிடம் இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பிறர் எழுதிய முடிவுகளை எடைபோடுங்கள்; எவர் மனத்தையும் படித்துவிட்டதாகச் சொல்லும் எழுத்தை விலக்குங்கள். ஒரு பெண் தன் கோரிக்கையை நாடு பார்க்க வேண்டும் என்று இந்தப் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதே, அன்று டெர்பிக்கு இருந்த இடத்தை எந்தப் புள்ளிவிவரத்தையும்விட நன்றாகச் சொல்கிறது.

அதே நாளில் பந்தயத்தின் மறுமுனையிலும் ஒரு கலவரம். க்ரகனூர் தலை அளவில் அபோயரை முந்தி வந்ததாக நீதிபதி அறிவித்தார். பிறகு, க்ரகனூர் மற்றக் குதிரைகளை இடித்தது என்று பந்தய நிர்வாகிகளான ஸ்டூவர்டுகளே எதிர்ப்பை எழுப்பி, விசாரித்து, அதன் வெற்றியைப் பறித்தார்கள். வெல்லும் என்று யாரும் எதிர்பாராமல், ஒன்றுக்கு நூறு என்ற பந்தய விலையில் இருந்த அபோயர் டெர்பி வென்றதானது. வேலியை ஒட்டி வந்த டே காமெட் என்ற குதிரை நீதிபதியின் கண்ணிலேயே படவில்லை. அது மூன்றாவதாக வந்ததைப் பின்னர் புகைப்படம் காட்டியது, ஆனால் முடிவு திருத்தப்படவில்லை. பட்டியல் வேறு, நடந்தது வேறு என்பதை ஓராண்டுக்குள் கற்க விரும்பினால் 1913 போதும்.

படங்களைச் சான்றாகக் கொள்ளும்போதும் எச்சரிக்கை தேவை. 1821 டெர்பியைப் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ தீட்டிய ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களை பின்னேயும் நீட்டி, தரையைத் தொடாமல் பறக்கின்றன. நாலுகால் பாய்ச்சலில் எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை என்பதை 1878-இல் புகைப்படக் கலைஞர் மைப்ரிட்ஜின் படங்கள் காட்டின. ஓவியத்தின் அழகு அதனால் குறையவில்லை. வானத்தையும் மேட்டுநிலத்தையும் அறிய அதைப் பாருங்கள், ஓட்டத்தின் நுட்பத்தை அறியப் பார்க்காதீர்கள்.

பெயர்களில் வரும் சிக்கல்

பழைய பட்டியல்களில் பெயர்களே உங்களைக் குழப்பும். 1797-இல் வென்றது பெட்ஃபோர்ட் பிரபுவின் பெயரிடப்படாத ஆண் குதிரை. 'ஃபிட்ஜெட்டின் மகன்' என்று தந்தை பெயரால் மட்டுமே அது அறியப்படுகிறது. ஒரே பெயர் பல குதிரைகளுக்கு இருப்பதும் வழக்கம். ஆகவே ஒரு குதிரையைப் பெயரோடு பிறந்த ஆண்டையும் தந்தையையும் சேர்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். 1791 முதல் வெதர்பி குடும்பம் வெளியிட்டுவரும் பொதுக் குதிரை வம்சாவளிப் பதிவேடு இதற்கு அடிப்படை. பந்தயத்தின் பெயரிலும் கவனம் வேண்டும்; அண்மைக்கால முடிவுகளில் எவர் ரெடி, வோடஃபோன், இன்வெஸ்டெக் என்று விளம்பர நிறுவனங்களின் பெயர்கள் டெர்பிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். 1838 முதல் பெரும்பாலும் புதன்கிழமையில் நடந்துவந்த பந்தயம் 1995-இல் நிலையாகச் சனிக்கிழமைக்கு மாறியதும், பழைய செய்தித்தாள்களைத் தேடும்போது தேவைப்படும் தகவல்.

பட்டியலில் உரிமையாளர் பெயர்கள் உள்ள பத்தியை மட்டும் தனியாகப் படித்தால் ஒரு சமூக வரலாறே கிடைக்கும். தொடக்கத்தில் பிரபுக்கள். 1894-இல் லடாஸ் வென்றபோது அதன் உரிமையாளர் ரோஸ்பரி பிரபு நாட்டின் பிரதமர். 1909-இல் மினோரு வழியாக ஏழாம் எட்வர்ட் வென்றார். அரியணையில் இருந்தபடி டெர்பி வென்ற மன்னர் அவர் ஒருவரே. பிறகு மூன்றாம் ஆகா கான் ஐந்து முறை வென்றார். 1934-இல் வின்ட்சர் லாட் வழியாக வென்றவர் குஜராத்தின் ராஜ்பிப்லா சமஸ்தான மகாராஜா விஜயசிங்ஜி. இன்று அயர்லாந்தின் பெரும் பண்ணைகளும் துபாயின் ஆட்சிக் குடும்பமும் அந்தப் பத்தியை நிரப்புகின்றன.

முன்னும் பின்னும் பாருங்கள்

வென்றபின் அந்தக் குதிரை என்ன ஆயிற்று என்று தேடாத வாசிப்பு பாதி வாசிப்புதான். டயோமெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அதன் வாரிசுகளுக்கு மதிப்புக் குறைந்தபின், இருபது வயதைத் தாண்டிய கிழட்டுக் குதிரையாக, சொற்ப விலைக்கு, 1798-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு விற்கப்பட்டது. அங்கே அதன் வழியில் பிறந்த சர் ஆர்ச்சி, அமெரிக்கப் பந்தயக் குதிரைகளின் பெருங்குடும்பம் ஒன்றுக்கே மூலவனாயிற்று. அண்மைக் காலத்தில், 2001-இல் வென்ற கலிலியோவின் மகன் நியூ அப்ரோச் 2008-இல் வென்றது. அதன் மகன் மசார் 2018-இல் வென்றது. கலிலியோவின் மக்கள் மட்டும் ஐந்து டெர்பிகளை வென்றிருக்கிறார்கள். கலிலியோவின் தாய் அர்பன் சீ பெற்ற இன்னொரு மகனான சீ த ஸ்டார்ஸ் 2009-இல் வென்றது. பெற்றோரைக் குறிக்கும் பட்டியல்களிலும் பெரும்பாலும் தந்தை பெயருக்கு மட்டுமே இடம் கொடுக்கிறார்கள். தாயின் பெயரை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையை ஒரே ஒரு வரியில் முழுமையாகச் செய்து பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது 1953. வரியில் இருப்பது பின்சா என்ற குதிரை, கோர்டன் ரிச்சர்ட்ஸ் என்ற ஜாக்கி. இடம் எப்சம், தூரம் ஒன்றரை மைல், நாள் ஜூன் 6, சனிக்கிழமை. இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா முடிந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன. இருபத்தைந்து முறை நாட்டின் முதன்மை ஜாக்கியாக இருந்தும், அதுவரை ஒரு டெர்பிகூட ரிச்சர்ட்ஸுக்கு வாய்க்கவில்லை. அன்று வாய்த்தது, அதன் பிறகு வாய்க்கவில்லை. இரண்டாவதாக வந்தது புதிய அரசியின் குதிரையான ஆரியோல். இதுவரை எல்லா நூல்களும் சொல்லும். இனி இரு குதிரைகளையும் பண்ணைக்குப் பின்தொடருங்கள். பின்சா தந்தையாகச் சோபிக்கவில்லை. ஆரியோல் சிறந்த பொலிகுதிரையாயிற்று. அதன் மகன் செயின்ட் பாடி 1960-இல், லெஸ்டர் பிகாட் ஓட்ட, டெர்பியை வென்றது. ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டாவதாக வந்த குதிரையின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்; குறைந்தது அடுத்த பத்தாண்டுகளின் வெற்றியாளர்களுக்குத் தந்தை யார் என்ற பத்தியில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.